செம்புள்ளி விழுந்த வெள்ளைக் காருக்கு கிளே பார் போதுமா?

தலவாக்கலையிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். அவரிடம் 2014ஆம் ஆண்டின் வெள்ளை வெகன் ஆர் ஒன்று இருக்கிறது, இன்னொருவர் ஓடியதை வாங்கி மூன்று வருடம் ஆகிறது. எவ்வளவு கழுவினாலும் கை வைத்தால் சொரசொரவென்றே இருக்கிறதாம். கதவுகளிலும் பின்பக்கத்திலும் ஊசிமுனை அளவுக்குச் செம்மஞ்சள் புள்ளிகள் விழுந்திருக்கின்றன. கூரை மங்கி, மஞ்சள் தட்டிக் கிடக்கிறது. ஒரு கராஜில் முழு வண்டிக்கும் பெயின்ட் அடிக்க வேண்டும் என்றார்களாம், இன்னொரு இடத்தில் கட் அண்ட் பொலிஷ், அதாவது மெஷினால் மேல் படையைத் தேய்த்து மினுக்குவது, போதும் என்றார்களாம். மச்சான் ஒருவர் கிளே பார், அதாவது பெயின்டில் ஒட்டிய அழுக்கைத் தேய்த்தெடுக்கும் களிமண் மாதிரியான கட்டி, வாங்கித் தேய்த்தால் புது வண்டி மாதிரி ஆகிவிடும் என்கிறாராம். யாரை நம்புவது என்று கேட்கிறார்.

மேலோட்டமாகப் பார்த்தால் இது கிளே பாரைப் பற்றிய கேள்வி. ஆனால் நீங்கள் உண்மையில் கேட்பது வேறு: இந்த பெயின்ட் செத்துவிட்டதா, இல்லை உயிரோடு இருந்துகொண்டு அழுக்குக்கு அடியில் கிடக்கிறதா? இதற்கு விடை தெரியாமல் கிளே பாரையும் தொடாதீர்கள், கராஜுக்கு முற்பணமும் கொடுக்காதீர்கள். விடையைக் கண்டுபிடிக்க ஒரு காலைப் பொழுது போதும். எப்படி என்று சொல்கிறேன்.

நான் ஹட்டனில் ஒரு டிங்கரிங் பாஸிடம் கையாளாகச் சேர்ந்து, பிறகு பெயின்ட் பக்கம் போனவன். கட்டாரில் ஐந்து வருடம் வண்டிகளுக்கு மெருகேற்றும் கடையில் வேலை செய்தேன். திரும்பி வந்தும் இதே தொழில்தான், எல்லாம் சேர்த்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. உங்கள் வண்டியை நான் பார்க்கவில்லை. அதனால் பொதுவாக நிச்சயமானதை நிச்சயமென்றே சொல்கிறேன், பார்த்தால்தான் சொல்லலாம் என்பதை அப்படியே விட்டுவிடுகிறேன்.

தேத்தண்ணிக் கோப்பையை நினைத்துக்கொள்ளுங்கள். தினமும் சாயம் ஊற்றிக் குடிக்கிற வெள்ளைக் கோப்பையின் உள்ளே பழுப்பாக ஒரு படலம் ஏறும். அது கோப்பையின் மேல் இருக்கிறது, தேய்த்தால் போய்விடும். அதே கோப்பையின் பளபளப்பில் மயிர்க்கோடாக வெடிப்பு விழுந்து, அதற்குள் சாயம் இறங்கியிருந்தால் எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகாது. கிளே பார் முதல் வகைக்கு மட்டும்தான். பெயின்டின் மேல் ஒட்டியிருப்பதை எடுக்கும், பெயின்டுக்குள் நடந்துவிட்டதை அதனால் ஒன்றும் செய்ய முடியாது.

களிமண் என்று பெயர் இருப்பதால் சிலர் குயவர் மண்ணையும், பிள்ளைகள் பொம்மை செய்யும் மண்ணையும் எடுத்துத் தேய்த்த வண்டிகள் என்னிடம் வந்திருக்கின்றன. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். இது மண்ணே இல்லை. ரப்பர் மாதிரி நெகிழும் ஒரு செயற்கைப் பசைக்குள் மிக நுண்ணிய தேய்ப்புத் தூளைக் கலந்து செய்தது. ஜப்பானில் உருவான பொருள். தடாவோ கொடாட்டே என்பவர் இதற்கு 1995இல் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கியபோது அதில் கொடுத்த பெயரைத் தமிழில் சொன்னால் ‘நெகிழும் சாணைக்கல்’ என்று வரும். அந்தப் பெயரை மனதில் வைத்துக்கொண்டால் பாதி விபத்துகள் நடக்காது. கையில் மாவு உருண்டை மாதிரி மெத்தென்று இருந்தாலும் அது ஒரு சாணைக்கல். பெயின்டின் மேல் துருத்தி நிற்கும் துகளை அராவி, தன்னோடு ஒட்டி எடுத்துக்கொண்டு போகிறது. வழுக்கு நீர் இல்லாமல் தேய்த்தால் பெயின்டையும் அராவும்.

இப்போது அந்தச் செம்மஞ்சள் புள்ளிகளுக்கு வருவோம், உங்கள் பயம் முழுக்க அங்கேதான் இருக்கிறது. துரு என்று நினைக்கிறீர்கள். துருதான், ஆனால் பெரும்பாலும் உங்கள் காரின் துரு இல்லை. வெளியிலிருந்து பறந்து வந்து குத்திய இரும்புத் துகள் துருப்பிடித்த அடையாளம் அது. நம் மலைநாட்டில் அதற்குப் பஞ்சமே இல்லை. நுவரெலியாவிலிருந்து ரம்பொடை வழியாக இறங்கினாலும் சரி, ஹட்டனிலிருந்து கினிகத்தேனை வளைவுகளில் இறங்கினாலும் சரி, பிரேக்கில் கால் வைத்தபடியேதான் முக்கால்வாசிப் பேர் இறங்குகிறோம். பிரேக் பேட்டும் வார்ப்பிரும்பு டிஸ்க்கும் உரசிச் சூடான இரும்புப் பொடியைப் பறக்கவிடுகின்றன. அது சூட்டோடு பெயின்டில் போய்ப் பதிகிறது. பிறகு மூடுபனி வந்து வண்டியை மணிக்கணக்காக நனைத்து வைத்திருக்கிறது. ஈரத்தில் இரும்பு என்ன செய்யும்? துருப்பிடித்து, தன்னைச் சுற்றி ஒரு செம்மஞ்சள் வட்டம் போடும். கறுப்பு, நீல வண்டிகளிலும் இதே அளவு இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. வெள்ளையில் மட்டும் ஒவ்வொன்றாக எண்ணலாம்.

புள்ளிகள் எங்கே இருக்கின்றன என்று பார்த்தாலே எங்கிருந்து வந்தன என்று ஓரளவு சொல்லிவிடலாம். சக்கரத்துக்குப் பின்னால் கதவின் கீழ்ப் பகுதியிலும் பின் கதவிலும் நெருக்கமாக இருந்தால் பிரேக் தூசி. பொனட்டிலும் கூரையிலும் சீராகப் பரவியிருந்தால் மேலிருந்து விழுந்தது. தலவாக்கலையில் இருப்பதால் இதைக் கேட்கிறேன்: வண்டியை ஸ்டேஷன் பக்கம் நிறுத்துகிறீர்களா? நம் ரயில் பாதை இடத்துக்கு இடம் 44 அடிக்கு ஓர் அடி ஏறுகிறது, அதில் பிரேக் பிடித்துக்கொண்டே இறங்கும் ரயில் இரும்புப் பொடியைக் கொட்டிக்கொண்டு போகும். ஒரே ஒரு பக்கத்தில் மட்டும் திட்டாக இருந்தால், பக்கத்து வீட்டில் கேட் செய்தபோது கிரைண்டர் பிடித்திருப்பார்கள். புள்ளியாக இல்லாமல் மேலிருந்து கீழாகக் கோடு கோடாகப் பழுப்பு வழிந்திருந்தால் அண்ணாந்து கூரையைப் பாருங்கள், துருப்பிடித்த தகரத்திலிருந்து மழைத்தண்ணீர் சொட்டியிருக்கும். தோட்டத்துப் பக்கம் நிற்கும் வண்டிகளில் நான் அதிகம் காண்பது இந்தக் கடைசி வகைதான்.

வண்டியின் சொந்தத் துரு வேறு மாதிரி இருக்கும். விரல் நகத்தால் மெல்லத் தடவிப் பாருங்கள். பறந்து வந்த துகள் மேலே ஒரு மணல் பருக்கை மாதிரி நிற்கும், சுற்றியுள்ள பெயின்ட் சமமாக இருக்கும். உள்ளேயிருந்து வரும் துரு பெயின்டைக் கொப்புளமாகத் தூக்கும், அல்லது கல் தெறித்துப் பெயின்ட் போன பள்ளத்தின் ஓரத்தில் இருக்கும். சக்கர வளைவின் விளிம்பு, கதவின் அடி ஓரம், பின் கதவின் நம்பர் பிளேட்டுக்கு மேல் உள்ள மடிப்பு, இந்த மூன்று இடங்களையும் தவறாமல் பாருங்கள். கொப்புளம் இருக்கும் இடத்துக்கு கிளே பார் வேண்டாம், அது டிங்கரிங் வேலை.

சரி, வேலையைத் தொடங்குவோம். நம் பக்கம் காலையில் வெளிச்சமாக இருந்து பின்னேரம் மூடிக்கொள்வது வழக்கம், அதனால் எட்டு மணிக்கே ஆரம்பித்துவிடுங்கள். மழை குறைந்த ஜனவரி, பெப்ரவரி, மார்ச் மாதங்கள் இதற்கு நல்ல காலம். நிழலில் நிறுத்துங்கள், பொனட் கைக்குக் குளிர்ச்சியாக இருக்க வேண்டும். இரண்டு வாளி எடுத்துக்கொள்ளுங்கள், ஒன்றில் கார் ஷாம்பூ கலந்த தண்ணீர், மற்றதில் வெறும் தண்ணீர். துணியை ஒவ்வொரு முறையும் வெறும் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் ஷாம்பூவில் முக்க வேண்டும். பீலியிலிருந்து குழாய் போட்டிருந்தால் முதலில் தண்ணீரைப் பீய்ச்சி மண்ணையெல்லாம் இறக்கிவிடுங்கள். மேலிருந்து கீழாகக் கழுவுங்கள். சக்கரத்துக்கும் அடிப்பகுதிக்கும் வேறு துணி.

கழுவிய பிறகு கிளே பாரை எடுக்காதீர்கள். முதலில் இரும்பைக் கரைக்கும் திரவம் ஒன்று அடிக்க வேண்டும். அயன் ரிமூவர் என்று கேட்டால் கார் சாமான் கடைகளில் கிடைக்கும். வண்டி குளிர்ந்திருக்கும்போது ஸ்ப்ரே பண்ணிவிட்டுத் தள்ளி நின்று பாருங்கள். முதல் நிமிடம் ஒன்றும் நடக்காது. பிறகு ஒவ்வொரு செம்புள்ளியும் ஊதா நிறமாகிக் கசியத் தொடங்கும். வெள்ளைக் கதவில் நாவல்பழச் சாறு வழிவது மாதிரி இருக்கும். முதல் தடவை பார்க்கிறவர்கள் பெயின்ட் கரைகிறது என்று பயந்துவிடுவார்கள், கரைவது இரும்பு மட்டும்தான். இதில் வேலை செய்வது தியோகிளைகோலேட் என்னும் பொருள், சலூனில் முடி சுருட்டும் மருந்திலும் இதுதான் இருக்கிறது. அதனால்தான் அந்தக் கெட்ட முட்டை நாற்றம். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், காய விடாதீர்கள், போத்தலில் எழுதியுள்ள நேரத்துக்குள் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிவிடுங்கள். தேவைப்பட்டால் இன்னொரு தடவை அடிக்கலாம்.

இதைச் செய்யாமல் நேராகக் கிளே போட்டால் என்ன என்று பலர் கேட்கிறார்கள். போடலாம், நானும் பல வருடம் அப்படித்தான் செய்தேன். ஆனால் கிளே அந்த இரும்புத் துகளின் தலையை அராவிவிட்டு, வேரைப் பெயின்டுக்குள் விட்டுவிடும் சந்தர்ப்பம் உண்டு. இரண்டு மாதத்தில் அதே இடத்தில் புள்ளி மறுபடி வரும். அதோடு, பிடுங்கிய இரும்பெல்லாம் கிளேயில் ஒட்டிக்கொண்டு அடுத்த இடத்தைக் கீறும். முதலில் கரைத்துவிட்டால் கிளேக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான்.

தார் கறை இருந்தால் அதையும் இப்போதே எடுங்கள். தார் ரிமூவர் நல்லது. அது கிடைக்காத இடத்தில் மண்ணெண்ணெயைத் துணியில் தொட்டு, கறையின் மேல் வைத்து இளக்கித் துடைத்துவிட்டு, உடனே ஷாம்பூ போட்டுக் கழுவலாம். தின்னர் மட்டும் வேண்டாம், அது பெயின்டையே இளக்கிவிடும். சவுக்கு, யூகலிப்டஸ், பைன் மரங்களின் பிசின் காய்ந்து கண்ணாடி மணி மாதிரி நின்றால், மருந்துக்கடை ஸ்பிரிட்டில் துணியை நனைத்து ஒரு நிமிடம் வைத்து எடுங்கள்.

இனிமேல்தான் கிளே வேண்டுமா வேண்டாமா என்று பார்க்கும் சோதனை. மெல்லிய சொப்பிங் பேக் ஒன்றுக்குள் கையை விட்டு, விரல் நுனியால் ஈரமான பொனட்டைத் தடவுங்கள். வெறுங்கைக்குத் தெரியாததெல்லாம் அந்தப் பைக்குள் இருக்கும் விரலுக்குத் தெரியும். கண்ணாடி மாதிரி வழுக்கினால் அந்த இடத்துக்கு கிளே தேவையில்லை. உப்புத்தாள் மாதிரி கரகரவென்றால் தேவை. ஒவ்வொரு பகுதியாகத் தடவுங்கள். கதவின் மேல் பாதி வழுக்கும், கீழ் பாதி கரகரக்கும், அப்படியானால் கீழ் பாதிக்கு மட்டும் போடுங்கள். முழு வண்டிக்கும் போட்டே ஆக வேண்டும் என்று ஒரு கட்டாயமும் இல்லை.

ஏன் இவ்வளவு கஞ்சத்தனம் என்று நினைப்பீர்கள். காரணம் பெயின்டின் கனம். தொழிற்சாலையில் அடித்த பெயின்ட் எல்லாப் படையும் சேர்த்து ஏறத்தாழ 100 முதல் 140 மைக்ரோன் (ஒரு மைக்ரோன் மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), ஜப்பான் வண்டிகளில் அதைவிடக் குறைவாகவும் காண்கிறோம். அதில் மேலே உள்ள நிறமில்லாத காப்புப் படையான கிளியர் கோட் 35 முதல் 50 மைக்ரோன்தான். நாம் எழுதும் தாளின் கனத்தில் பாதி. ஆயுள் முழுக்க நமக்குக் கொடுத்திருப்பது அவ்வளவே. அதிலும் வெள்ளையில் ஒரு சிக்கல் இருக்கிறது. சுசுகியின் 26யூ, டொயோட்டாவின் 040 மாதிரியான சாதா வெள்ளைகள் பல வண்டிகளில் கிளியர் கோட்டே இல்லாமல் வருகின்றன, மேலே இருப்பதே நிறம். டொயோட்டாவின் 070 மாதிரியான முத்து வெள்ளையில் அடியில் ஒரு வெள்ளை, நடுவில் முத்துப் படை, மேலே கிளியர் கோட் என்று மூன்று இருக்கும். உங்கள் வண்டியில் நிறத்தின் எண்ணைக் கதவுத் தூணிலோ என்ஜின் அறையிலோ உள்ள தகட்டில் பார்க்கலாம். கிளியர் கோட் இல்லாத வெள்ளையைத் தேய்த்தால் கிளேயிலும் துணியிலும் வெள்ளையாக ஏறும். கறுப்புத் துணியால் துடைத்துப் பார்த்தால் தெரியும். அதைக் கண்டு பதறாதீர்கள், வெயிலில் செத்த மேல் படை கொஞ்சம் வருகிறது. ஆனால் அளவோடு நிறுத்த வேண்டும் என்பதற்கு அதுதான் எச்சரிக்கை.

கிளே வாங்கும்போது ஃபைன் என்று எழுதியுள்ள மெல்லிய ரகம் வாங்குங்கள். ஹெவி ரகம் வீட்டு வேலைக்கு இல்லை. ஒரு கட்டியை நாலாக வெட்டி ஒரு துண்டை மட்டும் எடுங்கள். காலைக் குளிரில் அது கல் மாதிரி இறுகியிருக்கும், கைபொறுக்கும் சூட்டில் உள்ள தண்ணீரில் ஐந்து நிமிடம் போட்டுப் பிசைந்தால் ரொட்டி மாவு பதத்துக்கு வரும். உள்ளங்கையில் மூன்று விரல் அகலத்துக்குத் தட்டிக்கொள்ளுங்கள். வழுக்கு நீருக்குக் கிளேயோடு வரும் ஸ்ப்ரே நல்லது, அது தீர்ந்தால் கார் ஷாம்பூவைச் சற்றுக் கூடுதலாகக் கலந்த தண்ணீர். பாத்திரம் கழுவும் திரவம் வேண்டாம். வழுக்கலும் போதாது, சில கிளேக்களை அது பிசுபிசுவென்று கரைத்தும் விடும்.

ஒரு நேரத்தில் இரண்டு அடிக்கு இரண்டு அடி இடம். அந்த இடத்தையும் கிளேயையும் சொட்டச் சொட்ட நனையுங்கள். விரல்களின் பாரம் மட்டும் போதும், அழுத்தக்கூடாது. முன்னும் பின்னுமாக நேர்கோட்டில் மட்டும், வட்டமாகத் தேய்க்காதீர்கள். முதல் நாலைந்து தடவை சர்ரென்று ஒரு சத்தம் கேட்கும், கையிலும் சின்ன அதிர்வு தெரியும். பிறகு சத்தம் மெல்ல அடங்கும், கிளே தண்ணீரில் மிதக்கிற மாதிரி போகும். அதுதான் நிறுத்த வேண்டிய இடம். கிளே எங்காவது பிடித்து இழுத்தால் பாரத்தைக் கூட்டாதீர்கள், வழுக்கு நீரைக் கூட்டுங்கள். இப்போது அதைத் திருப்பிப் பாருங்கள். பழுப்பும் சாம்பலுமாகக் கீற்றுகள் ஏறியிருக்கும். அந்தப் பக்கத்தை உள்ளே மடித்துப் பிசைந்து, சுத்தமான முகத்தோடு அடுத்த இடத்துக்குப் போங்கள். துடைக்க மைக்ரோஃபைபர் துணி. கூரை, பொனட், கதவின் மேல் பாதி, பிறகு பின் கதவு, கடைசியாகக் கீழ்ப் பகுதி என்ற வரிசையை மாற்றாதீர்கள். அழுக்கு அதிகமான இடம் எப்போதும் கடைசி. வெகன் ஆர் அளவு வண்டிக்கு இரண்டு மூன்று மணி நேரம் ஆகும், அவசரப்பட வேண்டாம்.

கீழே விழுந்த கிளேயை எடுத்துப் போட வேண்டியது குப்பையில். தொழிலுக்கு வந்த புதிதில் நான் அதைச் செய்யவில்லை. ஒரு வெள்ளை செடானுக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது கட்டி கராஜ் தரையில் விழுந்தது. அதுதான் கடைசித் துண்டு. தண்ணீரில் கழுவி, விழுந்த பக்கத்தை உள்ளே மடித்து, வேலையை முடித்துவிட்டேன். பகலில் ஒன்றும் தெரியவில்லை. அன்றிரவே அந்த ஐயா பெற்றோல் செட்டுக்கு வண்டியை விட்டிருக்கிறார். மேலே வரிசையாக டியூப் லைட். அதன் வெளிச்சத்தில் வலது பக்க இரண்டு கதவுகளிலும் சிலந்தி நூல் மாதிரிக் கோடுகள். மறுநாள் காலையில் ஒரு வார்த்தை கடிந்து பேசாமல் அந்தக் கதவுகளைக் காட்டினார். இரண்டு நாள் மெஷின் பொலிஷ் போட்டு எடுத்துக் கொடுத்தேன், காசு வாங்கவில்லை. ஆனால் எடுத்தது கோட்டை மட்டும் இல்லை, அவருடைய கிளியர் கோட்டிலும் கொஞ்சத்தை எடுத்துவிட்டேன். அதைத் திருப்பிக் கொடுக்க எனக்கு வழி இருக்கவில்லை.

வெள்ளைக்கு இந்த எச்சரிக்கை இரண்டு மடங்கு. வெள்ளை அழுக்கைக் காட்டிக்கொடுக்கும், கீறலை மறைத்து வைக்கும். கறுப்பு வண்டியில் தப்பாக ஓர் இழுப்பு இழுத்தால் அந்த இடத்திலேயே தெரிந்து கையை நிறுத்திவிடுவோம். வெள்ளையில் முழு வண்டியையும் கீறி முடித்த பிறகுதான் தெரியும். அதனால் முதல் இரண்டு அடி இடத்தை முடித்ததும் துடைத்துவிட்டு, போன் டோர்ச்சைப் போட்டுச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். நேராகப் பிடித்தால் ஒன்றும் தெரியாது. புதிதாகக் கோடு விழுந்திருந்தால் வழுக்கு நீர் போதவில்லை, அல்லது கை அழுத்துகிறது. அந்த இடத்தில் திருத்திக்கொண்டு மேலே போங்கள்.

கிளே போட்டு முடிந்ததும் வண்டி மினுங்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். வழுவழுவென்று இருக்கும், வெள்ளை ஒரு படி வெளுக்கும், அவ்வளவுதான். மினுக்கம் பொலிஷின் வேலை. மேலே இருந்த பழைய வெக்ஸையும் கிளே எடுத்துவிட்டிருக்கும், பெயின்ட் இப்போது வெறும் உடம்போடு நிற்கிறது. அன்றைக்கே வெக்ஸோ சீலன்டோ (செயற்கைக் காப்புப் பூச்சு) போடாமல் வண்டியை வெளியில் விடாதீர்கள். கார்னூபா வெக்ஸ் நம் மழைக்கு இரண்டு மாதம் தாங்கினால் பெரிய காரியம். அதனால் வட்டவளை, கினிகத்தேனை மாதிரி மழை கொட்டும் பக்கத்தில் ஓடும் வண்டிகளுக்கு நான் சீலன்ட்தான் சொல்வேன், அது மூன்று நாலு மாதமாவது நிற்கும். கிளே வருடத்துக்கு ஒரு தடவை போதும், சொப்பிங் பேக் சோதனையில் வழுக்கினால் அந்த வருடம் அதுவும் வேண்டாம்.

இனி உங்கள் கூரை. இங்கேதான் எனக்குச் சந்தேகம். கதவிலுள்ள புள்ளிகள் போய்விடும் என்பதில் எனக்குப் பெரிய ஐயம் இல்லை, ஆனால் கூரை மஞ்சளாவதற்குக் காரணம் ஒன்று மட்டும் இல்லை. உயரம் போகப் போகப் புற ஊதாக் கதிர் கூடும், ஆயிரம் மீற்றருக்கு ஏறத்தாழ பத்து வீதம் என்பது கணக்கு. 1,868 மீற்றரில் இருக்கும் நுவரெலியாவில் வானம் வெளுத்திருக்கும் நாளில் கொழும்பைவிடக் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு கூடுதல். குளிராக இருப்பதால் நாம் அதை உணர்வதில்லை, கூரை உணர்கிறது. தலவாக்கலையில் அதைவிடக் கொஞ்சம் குறையும். கிளியர் கோட் இல்லாத வெள்ளையாக இருந்தால் மேல் படை வெளிறிச் சுண்ணாம்பு மாதிரி ஆகி, அதில் தேயிலைத் தொழிற்சாலைப் புகையும் தூசியும் இறங்கி மஞ்சளாகத் தெரியும். இது பொலிஷில் போய்விடும். ஆனால் முன்பு வைத்திருந்தவர் கூரைக்குத் திரும்ப பெயின்ட் அடித்து, மேலே மலிவான கிளியர் போட்டிருந்தால், அந்தக் கிளியரே வெயிலில் மஞ்சளாகியிருக்கும். அதற்குக் கிளேயும் உதவாது, பொலிஷும் உதவாது.

இரண்டில் எது என்று பார்க்க, கூரையின் ஓர் ஓரத்தில் ஐந்து ரூபாய்க் குற்றி அளவு இடத்தில் மெல்லிய பொலிஷைக் கையால் ஒரு நிமிடம் தேய்த்துத் துடையுங்கள். அந்த வட்டம் வெள்ளையாகத் தனித்துத் தெரிந்தால் கூரைக்கு உயிர் இருக்கிறது. சுற்றியுள்ள மஞ்சளோடு வித்தியாசமே இல்லாவிட்டால் மஞ்சள் உள்ளே இருக்கிறது. செதில் செதிலாகக் கிளியர் உரிந்திருந்தால் இந்தச் சோதனையும் வேண்டாம், கிளேயும் வேண்டாம், பிடித்து இழுத்து இன்னும் உரித்துவிடும்.

முழு வண்டிக்கும் பெயின்ட் என்று சொன்ன கராஜைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நானும் பெயின்ட் அடித்துப் பிழைப்பவன், அதனால் இதைச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது என்று நினைக்கிறேன். புள்ளிக்காக முழு பெயின்டை ஒருபோதும் ஒத்துக்கொள்ளாதீர்கள். 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தி, தனியார் கார்களுக்கு 2025இல்தான் திரும்பத் திறந்தார்கள். அந்த ஐந்து வருடத்தில் பழைய வண்டிகளின் விலை எங்கே போனது என்று உங்களுக்கே தெரியும். விற்கும்போது ‘ஒரிஜினல் பெயின்ட்’ என்ற இரண்டு வார்த்தைக்கு ஒரு விலை இருக்கிறது, வாங்க வருகிறவர் கனம் பார்க்கும் மீற்றரோடு வருகிறார். அதோடு, தொழிற்சாலையில் உயர்ந்த சூட்டில் சுட்டெடுத்த பெயின்டின் உறுதியை நம் கராஜ்களில் கொண்டுவர முடியாது. கூரை உண்மையிலேயே போயிருந்தால் கூரைக்கு மட்டும் அடியுங்கள். கட் அண்ட் பொலிஷ் என்று சொன்னவரும் முழுத் தப்பில்லை. ஆனால் இரும்பைக் கரைத்து, கிளே போட்டு எடுக்காமல் நேராக மெஷினை வைத்தால், அந்த இரும்புப் பொடியையே பஃபில் பூட்டி வண்டி முழுக்கத் தேய்ப்பதாகிவிடும். வரிசையை அவரிடம் கேளுங்கள். முதலில் என்ன செய்வீர்கள் என்று கேட்டு, கழுவிவிட்டு மெஷின் போடுவோம் என்றால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

புள்ளி திரும்ப வராமலிருக்க, இறக்கத்தில் ‘எல்’ கியரில் போட்டு என்ஜினைப் பிடிக்க விடுங்கள், பிரேக்கை விட்டு விட்டு மிதியுங்கள். பிரேக் சூடேறாமல் இருப்பது உயிருக்கும் நல்லது. தகரக் கூரைக்குக் கீழ் நிறுத்துவதாக இருந்தால் தகரத்தின் உள்பக்கத்துக்கு ஒரு கோட் துரு தடுக்கும் பெயின்ட் அடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் அந்தப் பக்கம் நிறுத்தாதீர்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை காலநிலை விட்டால், கழுவி அயன் ரிமூவர் அடிப்பதையும் கூரையில் அந்தப் பொலிஷ் சோதனையையும் மட்டும் செய்யுங்கள். கிளே அடுத்த வாரம் ஆகட்டும். ஊதா வழிந்து கழுவிய பிறகு பின் கதவைக் கிட்டத்தில் ஒரு படமும், கூரையில் பொலிஷ் தேய்த்த அந்த வட்டத்தை டோர்ச் வெளிச்சத்தில் சாய்வாக ஒரு படமும் எடுத்துப் போடுங்கள். நிற எண்ணையும் சேர்த்து எழுதுங்கள். கூரையைப் பற்றி அதைப் பார்த்த பிறகு சொல்கிறேன்.